ஸ்டாஃப் ரூமில் நடக்கும் துன்புறுத்தல்: சப்ஸ்டிட்யூஷன் நோட்டிலிருந்து தொடங்குவோம்

தனியார் பள்ளியில் ஓர் ஆசிரியரை ஓரங்கட்ட நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அவருடைய டைம்டேபிளில்தான். கடைசி பீரியட் தினமும் அவருக்கே விழும். யார் லீவு போட்டாலும் அவருடைய ஃப்ரீ பீரியட்தான் போகும். மதியம் வராண்டா டியூட்டி, மாலையில் பஸ் டியூட்டி, இடையில் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, ஆண்டு விழா மேடை அலங்காரம் எல்லாம் அவர் தலையில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரண வேலை. "இதுக்கெல்லாமா டீச்சர் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டால் வாயடைத்துப் போகும். மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

பணியிடத் துன்புறுத்தலை ஸ்வீடனில் ஆராய்ந்த ஹெய்ன்ஸ் லெய்மான், வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்து நடப்பதை அளவுகோலாக வைத்தார். அந்த நாடு 1993லேயே இதற்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆறு மாதம் என்பது ஆய்வுக்கு வைத்த கறாரான எல்லை. ஒரு பள்ளி அவ்வளவு நாள் காத்திருந்தால் அந்த ஆசிரியர் வேலையை விட்டே போயிருப்பார். ஆனாலும் அடிப்படை சரிதான். ஒருநாள் கோபத்தில் கத்துவது வேறு, ஒரே ஆள்மேல் திரும்பத் திரும்ப விழுவது வேறு.

பல தலைமை ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு நியாயமான பயம் உண்டு. நோட்ஸ் ஆஃப் லெசன் (பாடக் குறிப்பேடு) கேட்டாலே துன்புறுத்தல் என்று சொல்லிவிடுவார்களோ என்று. அப்படி ஆகாது. கேட்டது வேலையைப் பற்றியா, ஆளைப் பற்றியா? அதே விதி மற்றவர்களுக்கும் உண்டா? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்களா, பிள்ளைகள் முன்னாலா? திருத்திக்கொள்ள நாள் கொடுத்தீர்களா? இந்த நான்குக்கும் ஒழுங்கான பதில் இருந்தால் அது மேற்பார்வை. வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடக்கும்போதே குறுக்கிட்டு மாணவர்கள் முன் திருத்துவது மேற்பார்வையே அல்ல. வகுப்பைப் பார்க்கப் போனால் வாய் திறக்காமல் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே படிவத்தில் குறிப்பெழுதி, இரண்டு வேலைநாளுக்குள் தனியாகப் பேசுங்கள்.

சீர்திருத்தத்தைப் பெரும்பாலான பள்ளிகள் ஒரு நாள் யோகா வகுப்பு, ஒரு பேச்சாளர், குழு விளையாட்டு என்று தொடங்குகின்றன. எதுவும் மாறாது. துன்புறுத்தல் எந்த நோட்டு வழியாக நடக்கிறதோ அந்த நோட்டைத்தான் திறக்க வேண்டும்.

வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று எழுதும் சப்ஸ்டிட்யூஷன் நோட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது கோ-ஆர்டினேட்டர் மேசையில் இருக்கும். காலையில் பியூன் கொண்டுவந்து கையெழுத்து மட்டும் வாங்கிப் போவார். அதை ஸ்டாஃப் ரூம் சுவரில் மாட்டுங்கள். தேதி, வராதவர், பீரியட், மாற்றாகப் போனவர், ஏன் அவர் என்று ஐந்து கட்டம் போதும். ஒருவருடைய ஃப்ரீ பீரியட் வாரத்தில் இரண்டுக்குமேல் போகக் கூடாது என்று விதி வையுங்கள். மூன்றாவது தேவைப்பட்டால் பிரின்சிபல் கையெழுத்திடட்டும். மாதக் கடைசியில் ஆசிரியர்வாரியாகக் கூட்டி அதே சுவரில் ஒட்டுங்கள். ஒருவருக்கு 11, பக்கத்து மேசைக்காரருக்கு 2 என்று எல்லோர் கண்ணிலும் பட்டால், அடுத்த மாதம் யாரும் சொல்லாமலே பட்டியல் மாறும். பி.டி. ஆசிரியர், ஓவிய ஆசிரியர், புதிதாகச் சேர்ந்தவர் ஆகியோரின் கணக்கைத் தனியாகப் பாருங்கள். "அவங்களுக்கு என்ன வேலை?" என்ற பேச்சு முதலில் இவர்களை நோக்கித்தான் வரும். டியூட்டி பட்டியலுக்கும் இதே முறை.

ரிசல்ட் மீட்டிங் இன்னொரு இடம். 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணைத் திரையில் போட்டு, குறைந்த சராசரி எடுத்த பாட ஆசிரியரை எழுந்து நிற்கச் சொல்லும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். அந்தப் பிள்ளைகள் 9ஆம் வகுப்பில் என்ன எடுத்திருந்தார்கள் என்று பார்க்காமல் சொல்லும் எந்தக் குறையும் அநியாயம். பொதுக்கூட்டத்தில் பாடவாரி நிலவரம் மட்டும் போதும். ஆசிரியருடன் தனியாக 15 நிமிடம் பேசலாம்.

வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் குறை எழுதக் கூடாது. இரவு 7க்குப் பிறகு விடுமுறை, தேர்வு, விபத்து தவிர வேறு செய்தி வேண்டாம். இந்த விதி தாளாளருக்கும் சேர்த்துத்தான்.

புகார் வந்தால் நம் ஊரில் முதலில் நடப்பது சமாதானம். இரண்டு பேரையும் உட்காரவைத்து, "ஒரே குடும்பம் மாதிரி இருக்கணும்" என்று சொல்லி கைகுலுக்க வைப்பார்கள். சம நிலையில் உள்ள இருவரின் சண்டைக்கு அது சரிவரும். டைம்டேபிள் போடுபவருக்கும் அதை வாங்கிக்கொள்பவருக்கும் நடுவே சரிவராது; புகார் கொடுத்தவர் யாரென்று தெரிந்ததோடு சரி, மறுவாரமே பழிவாங்கல் தொடங்கும். அதற்குப் பதில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வையுங்கள். ஒருவராவது நிர்வாகத்துக்கு வெளியே இருந்து வரட்டும். இரு தரப்பையும் சாட்சிகளையும் தனித்தனியாகக் கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, 15 வேலைநாளுக்குள் முடியுங்கள். இடைக்காலத்தில் யாரையாவது மாற்ற வேண்டுமென்றால் புகார் கொடுத்தவரின் வகுப்பை மாற்றாதீர்கள். அவர் யாரிடம் பொறுப்புக் காட்ட வேண்டும் என்பதை மாற்றுங்கள். முடிவு சொன்னபின் 30, 60, 90ஆம் நாட்களில் அவருடைய டைம்டேபிளைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது.

மொட்டைக் கடுதாசி வந்தால் அதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. குப்பையில் போடவும் கூடாது. அதில் சொன்ன நோட்டை எடுத்துச் சரிபாருங்கள்.

எல்லாவற்றையும் இந்தக் குழுவுக்கே தள்ளிவிடக் கூடாது. பாலியல் சீண்டல் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். ஆயாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தனி டம்ளர் வைப்பது, சாதி சொல்லி இழிவாகப் பேசுவது போன்றவை ஸ்டாஃப் ரூம் மனஸ்தாபம் அல்ல, குற்றம். தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இவற்றை "ஈகோ பிரச்சினை" என்று எழுதி மூடும் தலைமை ஆசிரியரும் தப்புச் செய்கிறார்.

சாதாரணத் துன்புறுத்தலுக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. ஆசிரியர்கள் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர் ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொல்லிவிட்டதால் தொழிலாளர் நீதிமன்ற வழியும் அவர்களுக்கு அடைபட்டது. பள்ளியின் சொந்த விதி இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். துன்புறுத்துபவரே தாளாளர் என்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

துன்புறுத்தலுக்கு ஆளாகிறவர்களுக்கு: அன்றன்று மாலையே எழுதிவையுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர்கள். "கேவலமாப் பேசினார்" என்று எழுதினால் பயனில்லை. பள்ளிக் கணினியில் வைக்காதீர்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், "இன்று காலை நீங்கள் சொன்னபடி 8-பி வகுப்பை எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு மெயில் போடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவு. மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்து, கெடுவுக்குள் பதில் கொடுங்கள்.

கூட இருப்பவர்கள் பெரிய வீரம் காட்ட வேண்டியதில்லை. மீட்டிங்கில் "மேடம் பேசி முடிக்கட்டும் சார்" என்ற ஒரு வாக்கியம், பாதிக்கப்பட்டவர் பிரின்சிபல் அறைக்குப் போகும்போது கூடப் போவது, பார்த்ததை நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது, இவை போதும்.

வேலையில் சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்து, மூலத்தைக் காட்டி, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், என்னென்ன சான்றிதழ் என்று பட்டியலிட்டுத் திருப்பிக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். புகார் எழுத அஞ்சுபவர்களில் பலருடைய சான்றிதழ் பள்ளி பீரோவில்தான் இருக்கிறது.