கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை

எனக்கு எச். பைலோரி கிருமி இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. வயிற்றிலிருந்து அரிசிக் குருணை அளவு சதையைக் கிள்ளி மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். மயக்கம் தெளிந்து நான் எழுந்து உட்காருவதற்குள் அது ரோஸ் நிறமாகிவிட்டது. கிருமி யூரியாவை உடைத்து அமோனியா விடுவதால் அந்த நிற மாற்றமாம். 14 நாள் மாத்திரை, வாயெல்லாம் ஒரே கசப்பு. என் கதை அவ்வளவுதான். அலைந்ததெல்லாம் அம்மாவுக்காக.

"வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுத் தொந்தரவு உண்டா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பல வருடமாகத் தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறவர். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். இந்தக் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வராது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. கூடப்பிறந்தவருக்கு வந்திருப்பதால் அம்மாவுக்குக் கட்டாயம் பார்த்துவிடுங்கள் என்றார்.

நான் அவசரப்பட்டு, பக்கத்து லேபுக்கு அம்மாவை அழைத்துப் போய் ரத்தம் கொடுத்தேன். பாசிட்டிவ். டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டார். ரத்தத்தில் பார்ப்பது எதிர்ப்புப் பொருளை. கிருமி போன பிறகும் அது நெடுநாள் தங்கும், இப்போது இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அதில் நெகட்டிவ் வந்தது. அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தானே கொடுத்தீர்கள்?" என்றார். இல்லையே! அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரை கிருமியை அடக்கி வைத்துவிடும். இருந்தாலும் இல்லை என்றே காட்டும். குறைந்தது 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம். லேபில் போய்க் கேட்டேன். "சீட்டில் எழுதவில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கவுன்டரில் இருந்தவர். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த நெகட்டிவை நம்பியே உட்கார்ந்திருப்போம்.

மாத்திரை இல்லாத அந்த 2 வாரமும் அம்மா பட்ட பாடு. ராத்திரி இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி, நெஞ்சைத் தடவிக்கொண்டே விழித்திருப்பார். இடையில் ஆன்டாசிட் சிரப் மட்டும் டாக்டர் அனுமதித்தார். அப்புறம் மூச்சுப் பரிசோதனை. வெறும் வயிற்றில் போக வேண்டும். விடிந்ததும் காபி குடிக்கிற பழக்கம் அம்மாவுக்கு, அதனால் முதல் நாளே பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பையில் ஊதினார், யூரியா கலந்த தண்ணீரைக் குடித்தார், அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினார். பாசிட்டிவ்.

எப்படிப் பரவுகிறது என்று கேட்டோம். வாய் வழியாக, வாந்தி, மலம் வழியாக. பெரும்பாலும் சின்ன வயதில், ஒரே வீட்டுக்குள் என்றார். வெளியே வந்ததும் அம்மா, "உனக்குப் பல் முளைக்கும் முன்னால முறுக்கை மென்னு மென்னு ஊட்டினேனேம்மா" என்று கண் கலங்கினார். அம்மாவுக்கும் யாரோ அப்படித்தானே ஊட்டியிருப்பார்கள், ஆச்சியோ, பெரிய மாமாவோ என்றேன். ஆனால் என் மகளுக்கு இனி மென்று கொடுக்க வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். மகளுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாததால் பரிசோதனை வேண்டாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். கணவருக்கு நெகட்டிவ்.

மாத்திரை முடிந்து 4 வாரம் கழித்து எனக்கு மறுபடி பார்த்ததில் கிருமி போய்விட்டது. அம்மாவுக்கு இன்று 9-வது நாள். காலை டோஸை விழுங்கிவிட்டு, கசப்புக்கு ஒரு துண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த பரிசோதனைத் தேதிக்கு 2 வாரம் முன்னால், காலண்டரில் சிவப்பு மையால் 'கேஸ் மாத்திரை கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.