குளியல் தொட்டியின் பக்கப் பலகை: ஒரு நாட்குறிப்பு

2025 மார்ச் 8, சனி

தொட்டியின் பக்கப் பலகையை இன்று கழற்றினோம். சுற்றிலும் சிலிகான் பூசி ஒட்டியிருந்ததால், கத்தியால் கீறிக் கீறித்தான் பெயர்க்க முடிந்தது. திருகுகளின் தலை துருவேறி மழுங்கியிருந்தது. இரண்டை இடுக்கியால் பிடித்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

முன்பக்க வெள்ளைப் பூச்சில் கீறல்கூட இல்லை. கீழ் விளிம்புதான் ஊறிய அட்டை போல அடுக்கடுக்காகப் பிரிந்து, மற்ற இடத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடித்திருந்தது. பலகை எம்.டி.எஃப்; மர இழைகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. ஈரம் ஏறி இழைகள் ஒருமுறை விரிந்துவிட்டால், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அதனால் பழுதுபார்க்கலாமா என்ற யோசனைக்கே இடமில்லை. முன்பக்கத்துக்கு அவ்வளவு பளபளப்பாகப் பூச்சுக் கொடுத்தவர்கள், தரையைத் தொடும் அறுத்த விளிம்பைப் பச்சையாக விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும் வழியே அதுதான். ஒரு கை வார்னிஷ் போதுமே, மனம் ஆறவில்லை.

பலகைக்குப் பின்னால் சுவரோரம் கறுத்த ஈரத் தடம். தரையைத் துடைத்த தண்ணீர் அங்கே போயிருக்க வழியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உடனே புதுப் பலகை வாங்கிப் பொருத்திவிடலாம் என்றாள் தங்கை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மூடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அண்ணனும் என் பக்கம்.

வடிகுழாயின் நட்டு, கீழ்வளைவு, மேலே நீர் நிரம்பினால் வெளியேறும் துளையின் இணைப்பு ஆகிய மூன்றையும் துடைத்துவிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்தோம். மேல்துளை வரை தண்ணீர் நிரப்பி, சற்று வழியவிட்டு, பிறகு முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டோம். காகிதங்கள் நனையவில்லை.

அடுத்து, கைஷவரை எடுத்துச் சுவரும் தொட்டியும் சேரும் கோட்டின் மீது பிடித்தேன். அண்ணன் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நிறுத்து! குழாய்ப் பக்கத்து மூலையில் சொட்டுகிறது" என்றார். அங்கே பழைய சிலிகான் பூச்சில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

காரணம் எளிது. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதோடு ஓர் ஆளும் உள்ளே இறங்கினால் அக்ரிலிக் தொட்டி சற்றே கீழே அமரும். காலித் தொட்டியில் பூசிய சிலிகான் ஒவ்வொரு குளியலிலும் இழுபட்டு, கடைசியில் சுவரை விட்டுவிடுகிறது.

மார்ச் 10, திங்கள்

மின்விசிறியைத் தொட்டியின் அடிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். வேறு வேலை இல்லை.

மார்ச் 12, புதன்

எந்தப் பொருளில் பலகை செய்வது என்று முடிவாயிற்று. அச்சில் வார்த்த அக்ரிலிக் பலகை மெல்லியது. முழங்கால் இடித்தால் விரிசல் விடும். பிளைவுட் உறுதியானது, ஆனால் விளிம்பு ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். பிவிசி பலகை தண்ணீரை உறிஞ்சாது, மரம் அறுக்கும் ரம்பத்துக்கே அடங்கும். வெப்பத்தில் சற்று நீளும் என்பதால் சுவர் முனையில் 3 மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும். 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று வாங்கினோம்.

மார்ச் 15, சனி

பழைய சிலிகானைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டினேன். பழையதன் மேல் புதியது ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, தொட்டியை நிரப்பிய பிறகே புதிய சிலிகானைப் பூசினோம். தொட்டி அமர்ந்த நிலையில் ஒட்டினால், காலியாகி மேலே எழும்போது சிலிகான் அழுந்துமே தவிர இழுபடாது. காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் குளியலறை முழுக்க வினிகர் நெடி. நாளை வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மாலைதான் தண்ணீரை வெளியேற்றினோம். அதற்கு முன்பே பலகை வேலையைத் தொடங்கியாயிற்று.

நீளம் 1700 மில்லிமீட்டர். உயரத்தை இரு முனைகளிலும் நடுவிலும் அளந்தோம். தரை வடிகாலை நோக்கிச் சரிவதால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். கீழ் விளிம்பை அந்தச் சரிவுக்கேற்ப அறுத்தார் அண்ணன். பலகையின் மேல் விளிம்பு, தொட்டி உதட்டின் உள்பக்கம் செருகி நிற்கும். உதட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, பலகையின் தடிமன் அளவு உள்ளே தள்ளித் தரையில் கோடு போட்டோம். அந்தக் கோட்டில் அதே ஷீட்டிலிருந்து அறுத்த சட்டத்தை ஒட்டினோம். டைல்ஸில் துளையிட நான் சம்மதிக்கவில்லை. அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இருக்கிறது, குழாயும் ஓடலாம்.

திருகுகளுக்குப் பதில் காந்தப் பிடிகள். பலகை 3 மில்லிமீட்டர் ரப்பர் துண்டுகளின் மேல் நிற்கிறது; கீழே சிலிகான் பூசவில்லை. இடைவெளி அசிங்கமாகத் தெரியுமே என்று தங்கை குறைப்பட்டாள். தெரியட்டும். பழைய பலகையைச் சுற்றி அடைத்து வைத்ததால்தான் இத்தனை காலம் உள்ளே தேங்கிய ஈரம் யார் கண்ணிலும் படவில்லை. இனி எங்கே கசிந்தாலும் தண்ணீர் வெளியே வந்து நம் காலை நனைக்கும்.

மார்ச் 22, சனி

எல்லோரும் வாரம் முழுவதும் குளித்த பிறகு பலகையைத் திறந்து பார்த்தேன். பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. மூலையில் வைத்த காகிதம் மொரமொரவென்று காய்ந்திருக்கிறது.

கால்மாட்டுப் பக்கத்துச் சிறு பலகையும் அதே எம்.டி.எஃப்தான்; கீழ் விளிம்பு லேசாகப் புடைக்கத் தொடங்கியிருக்கிறது. அதன் நீளம் 700 மில்லிமீட்டர், மிச்ச ஷீட்டில் தாராளமாக அடங்கும். அடுத்த ஞாயிறு அண்ணன் ரம்பத்தோடு வருகிறார்.