அப்பா அம்மாவை வரச் சொல்வதற்கு முன்

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். விடை ஒன்பது என்று வந்தால் போதும், கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். நாலைந்து தலைகள் ஒரே பையன் பக்கம் திரும்பும். குடியாத்தம் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் அப்படி ஒருவன் இருந்தான். நடையில் கொஞ்சம் நளினம், பேச்சில் மென்மை, அவ்வளவுதான். அவன் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. கேலியை நிறுத்த அது தெரிய வேண்டியதில்லையே.

அவனை எழுப்பி நிற்கவைத்து, "இவனை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது" என்று அறிவித்தால் அவனுக்குத்தான் கூடுதல் தலைவலி. சிரித்தவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். கூட்டத்தில் சிரிப்பவன் தனியாக வந்தால் தரையைப் பார்ப்பான். (இதே ஊர்ப்பக்கம் பாரதக் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டிய ஆணைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். விடிந்தால் வகுப்பில் இந்தச் சிரிப்பு.)

கேலியைவிடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. வேலூர் வெயிலுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அவன் பாட்டில் மட்டும் சாயங்காலமும் அப்படியே இருக்கும். இன்டர்வலில் உள்ளே போனால் மற்ற பையன்கள் சேஷ்டை செய்கிறார்கள், அதனால் குடிப்பதே இல்லை. வகுப்பு நடக்கும்போது கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தேன்.

அப்புறம் அந்தக் கடிதம். பத்தாம் வகுப்பு மாணவி தோழிக்கு எழுதியது, நோட்டுத் திருத்தும்போது ஒரு டீச்சர் கையில் சிக்கியது. காதல் கடிதம்தான், சந்தேகமே இல்லை. ஸ்டாஃப் ரூமில் எழுந்த முதல் பேச்சு, "அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க சார்." எதற்கெடுத்தாலும் அதுதானே நம் பழக்கம்! வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும், மாப்பிள்ளை பார்ப்பார்கள், இல்லையென்றால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். "பரீட்சைக்கு முன்னாடி புத்தகத்தப் பிடுங்கி வச்சுட்டா யார் டீச்சர் பொறுப்பு?" என்று கேட்டேன். தலைமையாசிரியரும் யோசித்துச் சரி என்றார். கடிதம் நோட்டுக்குள்ளேயே வைத்து அவளிடம் போய்ச் சேர்ந்தது. யாராவது பிள்ளையைப் பாலியல் தொந்தரவு செய்கிறார்கள் என்றால் கதையே வேறு. போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இது அப்படியல்ல.

ஒருவரையொருவர் காதலித்து, பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது எனத் தடை போட்டார். பள்ளிகளில் பால் வேறுபாடில்லாத கழிப்பறை வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. அதற்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார். பி.எட். படித்த நமக்கு என்ன குறைந்துவிடும்?

எங்கள் கழகக் கூட்டத்தில் காம்பவுண்டுச் சுவரும் மார்க்கும்தான் பேச்சு. நடுவில், "பிள்ளை வித்தியாசமா இருக்குன்னு அடிக்காதீங்க, எங்ககிட்ட வந்து பேசுங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன். எல்லோரும் போனபிறகு ஓர் அம்மா வந்தார்.

"சி.எம்.சி.யில காட்டணுமா சார்?"

"இது நோயே இல்லம்மா. காய்ச்சல் வந்தா அங்க கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு மட்டும் அனுப்பிடுங்க."