நாசரேத்துக் குகையின் முன்

இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவிடம் சொன்னதாக நம்பப்படும் இடத்தில் நிற்கிறது, நாசரேத்தின் மங்கள வார்த்தைப் பேராலயம். அதற்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. வெயிலில் நின்றுவிட்டு வந்ததால் முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. கண் பழகிய பிறகு, நாங்கள் நின்ற தளத்துக்கும் கீழே, ஒரு சிறிய சுண்ணாம்புக்கல் குகை தெரிந்தது. இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு பீடம். குனிந்து பார்த்தால் பீடத்தின் முகப்பில் லத்தீனில் ஐந்தே சொற்கள்: வெர்பும் காரோ ஹிக் ஃபாக்தும் எஸ்த். "வாக்கு இங்கே மனிதர் ஆனார்." வாக்கு என்பது இயேசு.

யோவான் நற்செய்தியில் அந்த "இங்கே" கிடையாது. இந்த இடம் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. நகர மனம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். சிறு வயதிலிருந்தே நம்பிக்கை அறிக்கையை ஞாயிறு தவறாமல் சொல்லி வருகிறேன். தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடல் எடுத்தார் என்ற வரி வரும்போது தலை வணங்குவேன். ஆனால் மனதுக்குள் அந்த வரியைக் கொஞ்சம் வேகமாகவே கடந்துவிடுவேன். கல்லூரியில் ஒரு தோழி, "நீ இதை உண்மையிலேயே நம்புகிறாயா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தேன் என்பது குகையின் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

இப்போது இருக்கும் பேராலயம் 1969-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முன்பு இதே இடத்தில் 1730-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டிய கோவில் இருந்தது. அதற்கும் முன்பு சிலுவைப்போர்க் காலக் கோவில், அதற்கும் முன்பு பைசாந்தியக் கோவில். புதிய ஆலயத்துக்காக 1955-இல் அகழாய்வு தொடங்கியபோது, பழைய தூண் ஒன்றின் அடிப்பாகத்தில் யாரோ கிரேக்கத்தில் கீறிய எழுத்துகள் கிடைத்தன: "கைரே மரியா". மரியே வாழ்க! பக்கத்து அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். கோணல்மாணலாக, அவசரமாகக் கீறியது போல இருக்கிறது. ஆணியோ கத்தியோ, கையில் கிடைத்ததைக் கொண்டு எழுதியிருக்க வேண்டும். என்னைப் போலவே எங்கிருந்தோ நடந்து வந்த ஒரு பயணி. அந்தக் கீறல்களின் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு குகைக்குத் திரும்பி, பக்கத்துப் படியில் உட்கார்ந்து லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே உட்கார்ந்து படித்தால் வசனங்கள் வேறு மாதிரி கேட்கின்றன. முதிய வயதில் மகன் பிறப்பான் என்று கேட்ட செக்கரியா, எலிசபெத்தின் கணவர், வானதூதரிடம் அடையாளம் கேட்கிறார், ஊமையாகிறார். மரியாவும் கேள்விதான் கேட்கிறார். "இது எப்படி நிகழும்? நான் கன்னி ஆயிற்றே!" அவருக்குத் தண்டனை இல்லை, பதில் கிடைக்கிறது. அப்படியானால் என் தோழியின் கேள்வியை முதலில் கேட்டவர் மரியாவேதான். நற்செய்தி அதை மறைக்கவில்லை.

வானதூதரின் பதிலில் ஒரு சொல் வருகிறது: தூய ஆவி உம்மீது வரும், உன்னத கடவுளின் வல்லமை உம்மேல் "நிழலிடும்". விடுதலைப் பயண நூலின் கடைசியில் சந்திப்புக் கூடாரத்தின்மேல் மேகம் கவிந்து நின்றதே, அதே நிழல். தொடக்க நூலில் நீர்த்திரளின்மேல் அசைந்தாடியதும் அதே ஆவி. கடவுள் இங்கே கணவனின் இடத்தை எடுத்துக்கொள்வதாக நினைத்தால் எல்லாமே தவறாகிவிடும். இது படைப்பு. முதல் நாளில் வெறுமையிலிருந்து உலகை அழைத்தவர், நாசரேத்தில் ஒரு பெண்ணின் கருவறையில் மறுபடி தொடங்குகிறார்.

சாராவுக்கும் அன்னாவுக்கும் எலிசபெத்துக்கும் பிள்ளை கிடைத்தது. காலம் கடந்தோ, மலடி என்ற பேச்சைக் கேட்ட பிறகோ, கேட்டுக் கேட்டுக் கிடைத்த பிள்ளைகள். மரியா கேட்கவேயில்லை. காத்திருக்கவும் இல்லை. மனித முயற்சி என்று காட்ட ஒரு துளிகூட இல்லாத இடத்தில் அந்தக் குழந்தை வருகிறது. கன்னிப் பிறப்பை நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: மீட்பர் நாம் பெற்றெடுத்த சாதனை அல்ல, முழுக்க முழுக்கக் கொடை. அவ்வளவு பெரிய கொடையும் ஒரு இளம்பெண்ணின் சம்மதத்துக்காக வாசலில் நின்றிருக்கிறது. நிச்சயிக்கப்பட்ட பெண் வேறு ஆணுடன் இருந்தால் கல்லெறிந்து கொல்லச் சொன்னது பழைய ஏற்பாட்டின் இணைச் சட்ட நூல். அது தெரிந்துதான் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்றார். இந்தத் துணிவை நாம் "பணிவு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர்களிலேயே பலர் கன்னிப் பிறப்பையும் அமலோற்பவத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த அமலோற்பவம், மரியா தன் தாயின் வயிற்றில் பாவமின்றி உருவானதைப் பற்றியது. கன்னிப் பிறப்போ இயேசு மரியாவிடம் உருவானதைப் பற்றியது. அதை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். முழுத் திருச்சபையும் நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறது. குர்ஆனும் மரியாவைக் கன்னித்தாயாகவே பேசுகிறது. அதன் 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம்.

பேராலயத்துக்குப் பக்கத்திலேயே புனித யோசேப்பு ஆலயம். அங்கே அதிக நேரம் இருக்க முடியவில்லை, ஆனாலும் ஒரு எண்ணம் கூடவே வந்தது. மத்தேயு நற்செய்தியில் கன்னிப் பிறப்பு யோசேப்பின் கண் வழியாகத்தான் சொல்லப்படுகிறது. சந்தேகம், மறைவாக விலக்கிவிடும் முடிவு, கனவு, விழிப்பு. விழித்ததும் மனைவியை ஏற்றுக்கொள்கிறார், குழந்தைக்கு இயேசு என்று பெயரிடுகிறார். பெயரிட்டவரே சட்டப்படி தகப்பன். தாவீதின் வழிமரபு அந்தப் பெயரிடுதல் வழியாக இயேசுவுக்கு வருகிறது. நற்செய்திகளில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. 1964 ஜனவரி 5 அன்று இங்கே வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், நாசரேத்தை ஒரு பள்ளி என்றும், அதன் முதல் பாடம் மௌனம் என்றும் சொன்னார். எனக்கு யோசேப்புதான் நினைவுக்கு வந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் குகைக்கு ஓடி வந்தோம். மணி அடித்தது. முன்னால் இருந்த துறவி லத்தீனில் மூவேளைச் செபத்தைத் தொடங்கினார். சுற்றி இருந்தவர்கள் அவரவர் மொழியில் முணுமுணுத்தார்கள். எங்கள் குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லும்மா, நான் பதில் சொல்றேன்" என்றார்.

"ஆண்டவருடைய தூதர் மரியாளுக்குத் தூதுரைத்தார்" என்றேன்.

"அவளும் தூய ஆவியால் கருத்தரித்தாள்" என்றார் அவர். குரலில் துளி தயக்கமில்லை.

செபத்தின் மூன்றாவது பகுதிக்கு எல்லோரும் முழந்தாளிட்டார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். நானும் அவரோடு இறங்கினேன். "வார்த்தை மனு உருவானார்" என்று சொல்லும்போது முதல் முறையாக நான் அவசரப்படவில்லை.