.44 மேக்னம் லீவர் ரைபிளுக்கு 300 கிரெயின் வார்ப்பு புல்லட்: இதுவரை செய்து பார்த்தது

வழக்கமான .44 மேக்னம் புல்லட் 240 கிரெயின், ஏறத்தாழ 15.5 கிராம். நான் எடுத்துக்கொண்டது 300 கிரெயின், அதாவது 19.4 கிராம் வகை. குறுக்களவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே கூடுகிற ஈயம் அத்தனையும் நீளமாகத்தான் போயாக வேண்டும். இந்த வேலையில் நான் சந்தித்த சிக்கல், பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்த இடம், எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கூடுதல் நீளம்தான். ரீலோடிங் (தோட்டாவைத் தானே தயாரிப்பது) ஏற்கெனவே பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பவுடர் எடை எதையும் இங்கே தரப்போவதில்லை. அதை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்தும் பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்தும் மட்டுமே எடுக்க வேண்டும்.

நீளம் முன்பக்கம் போக இடமில்லை. .44 மேக்னம் தோட்டாவின் மொத்த நீள வரம்பு 1.610 அங்குலம். ரிவால்வரில் சிலிண்டர் கொஞ்சம் நீளமாக இருந்தால் இதைச் சற்று மீறினாலும் சுழன்றுவிடும். லீவரை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ரைபிளில் அந்தச் சலுகை கிடையாது. குழாய் மேகசினிலிருந்து வரும் தோட்டா அதைத் தூக்கும் கேரியர் மேல் ஏறி, சாய்ந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் நுழைய வேண்டும். நீளம் கொஞ்சம் கூடினாலும் கேரியர் பாதியில் பிடித்துக்கொள்ளும். ஆக, மிச்ச நீளம் பித்தளைக் கேஸுக்குள்தான் இறங்குகிறது. அங்கே அது பவுடருக்கான இடத்தைத் தின்கிறது.

இதன் விளைவைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேஸுக்குள் இடம் குறைந்தால் அதே அளவு பவுடர் எரியும்போது அழுத்தம் ஏறும். நேர்விகிதத்தில் அல்ல, அதைவிட வேகமாக ஏறும். தள்ள வேண்டிய எடையும் கூடியிருப்பதால் அழுத்தம் இரண்டு வழியிலும் உயர்கிறது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. 240 கிரெயினுக்கான லோடை (பவுடர் அளவை) 300 கிரெயின் புல்லட்டின் கீழ் போட்டால் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடலாம். அதோடு முடியவில்லை. ஒரே 300 கிரெயின் எடையில் இரண்டு மோல்டுகள் (வார்ப்பு அச்சுகள்) இருந்தால், கேஸின் வாயை மடக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் பள்ளத்திலிருந்து அடிப்பாகம் வரையிலான நீளம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. மூக்கு குட்டையாக இருக்கும் புல்லட் உள்ளே ஆழமாக உட்காரும். அதனால் எடையை மட்டும் பார்த்துக் கையேட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. என் புல்லட்டின் உட்காரும் ஆழத்தைக் காலிப்பரால் அளந்து, அதே வடிவ வார்ப்பு புல்லட்டுக்குக் கொடுத்திருந்த தகவலை மட்டும் எடுத்தேன். தொடங்கியதும் அதன் ஆரம்ப அளவில்தான்.

மோல்டில் பொறித்திருக்கும் எடையையும் அப்படியே நம்ப வேண்டாம். வீல் வெயிட் (வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்யும் எடை) ஈயத்தோடு கொஞ்சம் தகரம் சேர்த்து வார்த்தேன். அடியில் மாட்டும் செப்பு மூடியான கேஸ் செக், மசகு எல்லாம் சேர்ந்தபின் 308 கிரெயின் அருகில் வந்தது. தூய ஈயத்தின் பங்கு கூடினால் எடை இன்னும் ஏறும். தராசு சொல்வதுதான் கணக்கு.

அடுத்தது நிலைத்தன்மை. என்னிடம் இருப்பது பழைய மார்லின் 1894. அதன் குழல் புரி (புல்லட்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம்) 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதே தோட்டாவுக்கான ரிவால்வர்கள் பலவற்றில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான புல்லட்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். 1879இல் கிரீன்ஹில் தந்த எளிய சூத்திரம் இதற்கு இன்றும் உதவுகிறது: குறுக்களவின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, புல்லட்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். என் புல்லட் நீளம் 0.80 அங்குலம், குறுக்களவு 0.432. விடை 35. அதாவது 35 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும் என்கிறது கணக்கு. என் குழலில் இருப்பது 38. விளிம்பில் நிற்கிறோம் என்று சுடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 0.70 அங்குல நீளப் புல்லட்டுக்கு இதே கணக்கு 40 என்று வருகிறது. 240 கிரெயின் அந்தக் குழலில் ஏன் அவ்வளவு நன்றாகப் போகிறது என்பதற்கு அதுவே விளக்கம்.

குழலின் அளவை ஊகித்துப் புல்லட் சைஸ் பண்ணக் (அச்சில் தள்ளிக் குறுக்களவைச் சரிசெய்ய) கூடாது. மென்மையான ஈயத் துண்டை எண்ணெயிட்ட குழலில் முழுவதும் தள்ளி, மைக்ரோமீட்டரால் அளந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் 0.431. செப்பு உறை போட்ட ஜாக்கெட் புல்லட்டின் 0.429 அளவில் ஈயத்தைப் போட்டால், சூடான வாயு ஓரமாக நழுவி ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். அதனால்தான் 0.432க்கு சைஸ் செய்தேன். இதில் பலர் தாண்டிப்போகிற ஓர் இடம் உண்டு. ரீலோடிங் அச்சுகளான டை செட்டோடு வரும் எக்ஸ்பாண்டர் (கேஸின் வாயை விரிக்கும் கருவி) பெரும்பாலும் ஜாக்கெட் புல்லட்டுக்கான அளவு. இறுக்கமான பித்தளை, உள்ளே இறங்கும் ஈயத்தை நசுக்கிச் சிறுத்துவிடும். ஒரு புல்லட்டை கேஸில் உட்காரவைத்து, கைனடிக் சுத்தியலால் திரும்ப எடுத்து அளந்து பார்த்தால் உண்மை தெரியும். நான் பெரிய எக்ஸ்பாண்டருக்கு மாறினேன். எடுத்து அளந்தபோதும் 0.432 அப்படியே நின்றது. புல்லட் பெரிதானால் தோட்டாவின் கழுத்தும் பெரிதாகும். அது சேம்பரில் தடையின்றி இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரிம்ப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ரிவால்வரில் உதைப்பு புல்லட்டை கேஸிலிருந்து முன்னால் இழுக்கும். குழாய் மேகசினில் நடப்பது நேர் எதிர். முன்னாலிருந்து ஸ்பிரிங் பின்னோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு உதைப்பிலும் தோட்டா வரிசை முன்னே போய்த் திரும்ப மோதுகிறது. அந்த அடியைப் புல்லட்டின் மூக்கு வாங்குகிறது. கனமான புல்லட் என்றால் உதைப்பும் அதிகம், வரிசையின் எடையும் அதிகம். பிடி தளர்ந்தால் புல்லட் கேஸுக்குள் இறங்கும், மேலே சொன்ன அழுத்த ஏற்றம் யாரும் கவனிக்காமலே நடந்துவிடும். எனவே கேஸ்களை எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டி, புல்லட்டை உட்காரவைப்பதையும் ரோல் கிரிம்ப்பையும் தனித்தனி வேலையாகச் செய்கிறேன். கேஸ் நீளம் மாறினால் கிரிம்ப்பும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்.

சோதித்த விதம் இது. முதலில் பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு பகுதி) பவுடரும் இல்லாத டம்மிகளை மேகசின் நிறைய ஏற்றி லீவரை இயக்கினேன். இயக்கும் முன்பும் பின்பும் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்தேன். பிறகு உண்மையான தோட்டாக்களோடு ரேஞ்சில், மேகசினில் கடைசி வரை தங்கி எல்லா உதைப்பையும் வாங்கிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்து அளந்தேன். நீளம் மாறவில்லை. இந்தச் சோதனையில் தேறாத லோடை மேகசினில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூக்கு வடிவத்திலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமர் மேல் சாய்ந்து நிற்கிறது. அகலமான தட்டை மூக்கு மட்டுமே. கூர்மூக்கு வேண்டவே வேண்டாம்.

பவுடர் தேர்வில் இரண்டு விஷயம். எச்110, டபிள்யூ296 போன்ற மெதுவான பவுடர்களை அட்டவணையில் இருப்பதற்குக் கீழே குறைக்கக் கூடாது. சரியாகப் பற்றாமல் புல்லட் குழலிலேயே நின்றுவிடலாம். மென்மையான லோடு வேண்டுமென்றால் அதற்கேற்ற நடுத்தர வேகப் பவுடருக்குத்தான் போக வேண்டும். கேஸில் பாதிக்கு மேல் நிறைக்கும் பவுடராகப் பார்த்தால், தவறி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். புல்லட் வைக்கும் முன் பிளாக்கில் வரிசையாக நிற்கும் கேஸ்களுக்குள் டார்ச் அடித்து மட்டம் பார்ப்பது என் வழக்கம். ரேஞ்சில் சத்தமோ உதைப்போ குறைவாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். லீவரின் வேகத்தில் அடுத்ததை ஏற்றிவிடுவது மிக எளிது என்பதால் இதைச் சொல்கிறேன்.

பிரைமர் தட்டையாகிவிட்டதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பது கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் நம்பத்தக்கதல்ல. அடையாளம் தெரியும்போது ஏற்கெனவே வரம்பு கடந்திருக்கும். லீவர் கனமாகத் திறப்பது, புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அட்டவணையைத் தாண்டிய வேகம் ஆகியவற்றை நான் நிறுத்தச் சொல்லும் குறியாகவே எடுத்துக்கொள்கிறேன். ரைபிள் குழல் நீளமென்பதால் ரிவால்வரைவிட வேகம் கூடத்தான் செய்யும். அதனால் ரைபிள் குழலில் எடுத்த தகவலோடுதான் ஒப்பிட வேண்டும்.

வார்ப்பைப் பற்றிச் சுருக்கமாக: காற்றோட்டம், கண்ணாடி, கையுறை, ஒரு துளி ஈரம்கூட உருகிய ஈயத்தை நெருங்காமை. சாப்பாடும் தண்ணீரும் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது. இரத்தத்தில் ஈய அளவை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வதும் இந்த வேலையின் பகுதிதான்.

இலக்கில் கண்டது கணக்கோடு ஒத்துப்போகிறது. 50 கஜத்தில் நடுத்தர வேக லோடு, ஓட்டைகளைச் சற்று நீள்வட்டமாகப் போட்டது. புல்லட் லேசாகத் தள்ளாடுகிறது. வேகம் கூடிய லோடில் ஓட்டைகள் வட்டமாகின, கூட்டமும் நெருங்கியது. குழலில் ஈயப் பூச்சு இல்லை. அட்டவணையின் உச்சத்துக்குப் போகாமலே இது கிடைத்ததால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். 100 கஜத்தில் இன்னும் சுடவில்லை. விளிம்பில் நிற்கிற புல்லட்டின் குணம் அங்கேதான் முழுவதும் தெரியும்.

38 அங்குலப் புரிக்கு 265 கிரெயின்தான் பொருத்தமான எடை என்று எனக்குப் படுகிறது. நீளம் குறைவதால் புரியும் போதும், கேஸுக்குள் இடமும் மிஞ்சும். அந்த எடையில் கேஸ் செக் வைத்த தட்டை மூக்குப் புல்லட்டுகளை வார்த்து வைத்திருக்கிறேன். சைஸ் செய்து மசகு போட்டதும் மறுபடி டம்மியிலிருந்து தொடங்க வேண்டும்.