ஒரு புள்ளி கீழே

"அப்ப பிள்ளை தேறினது பிழையா மிஸ்?"

நான் குடும்பநல மருத்துவமாது, கிளினிக்கில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிறவள். அன்றைக்கு ஒரு தாய் கேட்ட இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பேனையை எடுத்துப் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் நிறைக்கான புள்ளியை வைத்தேன். வைத்த இடம்தான் பிழை.

பதினெட்டு மாதப் பெண்பிள்ளை. தராசு 8.3 காட்டியது. அந்த வயதில் 8.1 கிலோவுக்குக் கீழே என்றால் அட்டையில் செம்மஞ்சள் நிறப் பகுதி, நிறை குறைவு என்று அர்த்தம். ஆக, மாதக்கணக்காகச் செம்மஞ்சளில் கிடந்தவள் முதல்தடவையாகக் கோட்டைத் தாண்டியிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் சொன்னேன். கூடவே, அரசாங்கம் இலவசமாகத் தருகிற சத்துமாவைப் பற்றி, "இந்த மாதம் திரிபோஷா இல்லை தங்கச்சி, செம்மஞ்சளில நிக்கிற பிள்ளைகளுக்கே காணாது" என்றும் சொன்னேன். சோளத்தில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கிறது என்று 2022இல் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா உற்பத்தி நின்றது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வந்ததெல்லாம் எண்ணிக் கொடுக்கிற அளவுதான்.

அப்போதுதான் தாய் அப்படிக் கேட்டாள். கோபமாக இல்லை, விளங்காமல் கேட்பதுபோல.

நான் 7.9 என்று எழுதினேன். இரண்டு பைக்கட் எடுத்துக் கொடுத்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. தொங்குதராசில் பிள்ளை அழுது காலை உதைக்கும்போது முள் ஒரு இடத்தில் நிற்காது. இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் தாயத்து, மேலே சட்டை. இவையெல்லாம் சேர்ந்தால் இருநூறு முந்நூறு கிராம் வராதா? இப்படிப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நிறை பார்த்தேன். அரைஞாண் இருந்ததா என்பதே இப்போது சந்தேகம். அதற்கு முந்தைய மாரியில் அதை அடகு வைத்திருந்தாள்.

தகப்பன் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கப் போகிறவர். வலையில் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. இந்த வேலையில் இருபது வருடம் இருந்தால், வளர்ச்சி அட்டையைப் பார்த்தே எந்த மாதம் தோணி இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கோடு படுத்துவிடும். சித்திரைக்குப் பிறகு மெல்ல எழும்பும். இடையில் கிணறு கலங்கி ஒரு வயிற்றோட்டம் வந்தால் எழும்பினதும் இறங்கிவிடும்.

அதே கிழமையில் பிறந்த இன்னொரு பிள்ளையும் என் பகுதியில் இருந்தது. தாய் ஆசிரியை. பிறந்த நிறை ஒன்று 2.8, மற்றது 2.9. ஆறு மாதம் வரைக்கும் இரண்டு அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கோடு பொருந்தும். இரண்டும் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள். ஏழாம் மாதம் தொடங்கித்தான் பிரிந்தது. ஒரு வீட்டில் முட்டை, மீன், பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய். மற்ற வீட்டில் சோற்றைக் குழைத்துச் சொதி விட்டு ஊட்டல். கடல் தந்த நாளில் சூடை மீன். இவளும் முருங்கையிலை போடுகிறவள்தான். நான் சொல்கிறதையெல்லாம் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்வாள். அறிவுரையில் குறைவில்லை. வேறு எதில் குறைவு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரிபோஷாவும் சின்னவளுக்கு மட்டும் போவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது நாலு வயது மூத்தவன் கையில் திரிபோஷா உருண்டை. கட்டணமும் சப்பாத்தும் பிரச்சினையாகி முன்பள்ளியால் நின்றவன். "இது மருந்து மாதிரி, இவளுக்கு மட்டும்" என்று சட்டம் பேசினேன். "அவன் பாத்துக்கொண்டு நிக்கிறானே மிஸ்" என்றாள். அவ்வளவுதான். என் பிள்ளைகள் இருவருக்கும் நான் ஒருநாளும் அப்படிப் பிரித்துக் கொடுத்ததில்லை.

இவ்வளவும் சொன்னால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும்போல இருக்கிறது. ஆகாது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அட்டையைப் புரட்டினார். இத்தனை மாதமாக ஒரே நிறத்தில் கிடக்கிறதே என்று தாயைக் கேட்டார்: "பிள்ளைக்கு என்னதான் குடுக்கிறீங்க? சமைக்கிறதில்லையா?" வரிசையில் இருந்த பத்துப் பன்னிரண்டு தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுக்கிறனான் சேர்" என்று மட்டும் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பதிவேட்டில் அதைக் குறித்தேன். என் கையெழுத்து அழகாக இருந்தது.

வாயைத் திறந்திருக்கலாம். "சேர், போன மாதம் நான் பிழையாக வாசித்துவிட்டேன்" என்று ஒரு வசனம் போதும். அதைச் சொன்னால் இரண்டு பைக்கட்டுக்குக் கணக்குக் கேட்பார்கள் என்பது ஒரு பயம். அந்தப் பெண்ணுக்கும் இனிக் கிடைக்காது என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று நேர்மையாக யோசித்தால் முதலாவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதாமல் விடவே பார்த்தேன். அன்றைக்குக் கடைசியாக வந்தது இறக்ககண்டிப் பக்கத்துத் தாய் ஒருவர். பிள்ளை உண்மையாகவே செம்மஞ்சளில், அதற்கும் கீழே இருக்கிற சிவப்புக்குக் கிட்ட. அவருக்குக் கொடுக்க ஒரு பைக்கட்தான் மிஞ்சியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவளுக்குக் கொடுத்தேன், கேட்காதவருக்குக் குறைத்தேன். இரக்கம் என்று நான் பெயர் வைத்தது அவ்வளவுதானா?

ஒரு பயிற்சியில் 2016 தேசிய ஆய்வைக் காட்டினார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை, 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லை. இலக்கங்களை மதிக்கிறவள் நான். அன்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மாத அறிக்கையில் நானே கூட்டிவிட்ட அந்த ஒரு பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது. ஒன்றால் ஒன்றும் மாறாது என்று பக்கத்தில் இருந்த அக்கா சொன்னா. அவ சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

அவள் அந்தக் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பஸ் காசு, ஒருநாள் வேலை, மூத்தவனை யார் பார்ப்பது. தேவையில்லை என்று அவளுக்கும் தெரியும்தானே. பதிவேட்டில் அவள் இப்போதும் "அனுப்பியும் செல்லாத தாய்".

போன மாதம் உப்புவெளிச் சந்தியில் கண்டேன். பிள்ளை நடந்து வந்தாள், என்னைக் கண்டதும் ஊசி போடுகிறவள் என்று தாயின் பின்னால் ஒளிந்தாள். வாய் நிறையக் கதை. தாய் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், அந்த டொக்டர் தந்த கடிதம் இன்னும் என்னட்ட கிடக்கு. வச்சிருக்கவா, கிழிச்சுப்போடவா?"

வைத்திருங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.