லோடு மாறினால் முதலில் எது அசையும்?

பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வை முதல் தடவை எழுதியபோது பவர் சிஸ்டம்ஸ் பகுதியில்தான் எனக்குச் சரியான அடி. சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனால் லோடு, அதாவது இழுக்கப்படும் மின்சாரம், மாறுகிறது என்று கேள்வி வந்ததும் எதை எடுப்பது என்று தெரியாமல் விழித்தேன். இரண்டாம் தடவைக்கு, பரணில் கிடந்த கல்லூரி லேப் ரெக்கார்டைத் தூசி தட்டி எடுத்தேன். உருப்படியாகப் புரிந்தது அதிலிருந்துதான்.

டி.சி. ஷன்ட் மோட்டாரோடு இணைத்த ஆல்டர்னேட்டர் (ஏ.சி. மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) நினைவிருக்கிறதா? 4 போல், 1500 ஆர்.பி.எம்., 50 ஹெர்ட்ஸ். விளக்கு லோடில் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போடப் போட மோட்டாரின் சத்தம் இறங்கும். வேகம் அளக்கும் டேக்கோமீட்டர் 1440 காட்டினால் அலைவெண் 48. வோல்டேஜும் கூடவே படுத்துவிடும். மோட்டார் ஃபீல்டு ரியோஸ்டாட்டைத் திருகி வேகத்தை மீட்போம், ஆல்டர்னேட்டர் ஃபீல்டைத் திருகி வோல்டேஜை மீட்போம். அன்றைக்கு ரீடிங் எழுதி கையெழுத்து வாங்குவதிலேயே குறியாக இருந்தேன். பாதிப் பாடம் அந்த இரண்டு குமிழ்களில் இருந்தது. ரியல் பவர் (உண்மையில் வேலை செய்யும் திறன்) தேவை ஏறினால் அலைவெண் இறங்கும், அதைக் கவனிப்பது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் போய் வந்துகொண்டிருக்கும் திறன்) தேவை ஏறினால் வோல்டேஜ் இறங்கும், அது எக்சைட்டேஷன், அதாவது ஃபீல்டுக்குத் தரும் கரண்ட்டின் பாடு. அப்புறம் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இது எந்தக் குமிழ் என்று முதலில் முடிவு செய்துகொண்டேன்.

கவர்னரில் என்னைப் படுத்தியது ட்ரூப் கணக்கு. முழு லோடு ஏறும்போது அலைவெண் எத்தனை சதவீதம் இறங்கும் என்பதுதான் ட்ரூப். இணையாக ஓடும் 100 மெகாவாட் ஜெனரேட்டர் செட் இரண்டு. ஒன்றுக்கு ட்ரூப் 4 சதவீதம், மற்றதற்கு 5. லோடு இல்லாதபோது இரண்டும் 50 ஹெர்ட்ஸ். எதையும் ஓவர்லோடு செய்யாமல் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம்? கை தானாக 200 என்று எழுதும். கோடு போட்டுப் பாருங்கள். முதல் செட் 100 எடுக்கும்போது அலைவெண் 48க்கு வந்துவிடும். இரண்டாவது 100 எடுக்க வேண்டுமானால் 47.5 வரை இறங்கியாக வேண்டும்; 48இல் அது 80தான் எடுத்திருக்கும். ஆக 180. படம் போட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

லோடு ஏறுவதையே பார்த்துப் பழகி, இறங்குவதை மறந்துவிடுகிறோம். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தோமே, அதைப் படியுங்கள். 12 முதல் 14 ஜிகாவாட் குறையும் என்று கணித்திருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31. அப்படியும் அலைவெண் 49.70க்கும் 50.26க்கும் நடுவிலேயே நின்றது. நீர்மின் நிலையங்கள் மட்டும் 17 ஜிகாவாட்டுக்கு மேல் உற்பத்தியைக் குறைத்தன. அனல் நிலையத்தை அவ்வளவு சட்டென்று இறக்க முடியாது. ஹைட்ரோ ஏன் வேகமானது என்ற தியரி கேள்வி எனக்கு அதன் பிறகு மறக்கவே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோடு பாதியானால் காப்பர் லாஸ் (சுருள் கம்பியில் வெப்பமாகப் போவது) கால்வாசியாகும், அயர்ன் லாஸ் (இரும்பு உள்ளகத்தில் போவது) அசையாது. இரண்டும் சமமாகும் இடத்தில் எஃபிஷியன்சி உச்சம்.

கரண்ட் வோல்டேஜை முந்தும் லீடிங் பவர் ஃபேக்டர் வந்தால் மட்டும் நிதானமாகப் போங்கள். லோடு போட்டதும் வோல்டேஜ் ஏறவும் செய்யலாம், ரெகுலேஷன் (லோடு போட்டால் வோல்டேஜ் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பது) மைனஸில் வரும். முதல் தடவை எனக்கு அப்படி மைனஸ் வந்தது. தப்பாகத்தான் இருக்கும் என்று மைனஸை எடுத்துவிட்டு விடையைப் பதிந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.